இடி பேசறார்

ஜனவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

குருவி எழுதுகிறேன். தாத்தா போய்ப் பத்து நாள் ஆகிறது. செய்தி சொல்ல அப்பா உங்களுக்கு எத்தனையோ தடவை போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றுபோனது. கடைசியில் எழுதி அனுப்பினார். மறுநாள் உங்களிடமிருந்து இரண்டு வரி வந்தது: "சேதி கிடைத்தது. வர முடியாத நிலை." அப்பா அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெத்த அப்பன் போயிருக்கார், அப்படி என்ன நிலையாம் இவளுக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு உங்கள் பேச்சையே எடுக்கவில்லை.

நான் சண்டை போட எழுதவில்லை, அத்தை. நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்று நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் விடுமுறை. தாத்தா காலையில் நன்றாகச் சாப்பிட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஊருக்கெல்லாம்… தொடச்சுக் குடுக்கறே. எனக்கு?" என்றார். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து எடுத்து வந்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டார்மா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அங்க மூச்சு நின்னு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டே தாத்தாவின் கழுத்துத் துணியை விலக்கி, அவர் மூச்சு விடும் அந்தத் துளையின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். குழந்தையாக இருந்தபோது அவர் மடியில் படுத்தால் என் நெற்றியில் படும் காற்று அது. வெதுவெதுப்பாக இருக்கும். அன்று வரவில்லை. மருந்துக்கடைக்காரர் பாவம், கைகட்டிக்கொண்டு நின்றார். நான் கையை எடுக்க நெடுநேரம் ஆனது.

தொண்ணூற்றொரு வயது. கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காய்கறிச் சந்தையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "இடி போயிட்டாராமே" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் வயதானவர்கள், "அந்தக் குரல் இருக்கே…" என்று தொடங்கி, மேலே சொல்ல வராமல் நின்றுவிடுகிறார்கள். நான் பிறப்பதற்குள் அந்தக் குரல் போய்விட்டது. யாரும் அதைப் பதிவு செய்துவைக்கவில்லை. அப்பாவைக் கேட்டால், "பெருசா இருக்கும்" என்கிறார். ஒரு சுவிட்சு எப்படி வேலை செய்கிறது என்று அரைமணி நேரம் சொல்லும் எலக்ட்ரீஷியன், பெற்ற தகப்பனின் குரலை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அதை இருபத்தைந்து வருடம் கேட்டவர் நீங்கள். அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுவீர்களா?

குருவி

---

பிப்ரவரி 2

அன்புக் குருவிக்கு,

கழுத்தில் கைவைத்துப் பார்த்தாய் என்ற வரியை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

வராததற்குக் காரணம் உடம்புதான். சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. அதனால்தான் போனையும் எடுப்பதில்லை. உன் அப்பனிடம் சொல்லாதே. ஒன்றைப் பத்தாக்குவான்.

"பெருசா இருக்கும்" என்றானா? மடையன். அப்பாவைப் போல அந்தச் சந்தையில் ஏலம் போட்டவர்களில் பெரிய குரல்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கூவினால் காதை அடைத்துக்கொள்ளத் தோன்றும். அப்பா கூவினால் வேலையைப் போட்டுவிட்டுக் கிட்டே போகத் தோன்றும். பக்கத்தில் நின்றாலும் அதே அளவுதான், இரண்டு தெரு தள்ளி எங்கள் வீட்டில் இருந்து கேட்டாலும் அதே அளவுதான். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சின்னவளாக இருந்தபோது அவர் ஏறி நிற்கும் மரப்பெட்டியில் அவர் கால்களில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன். குரல் காது வழியாக வராது. அவர் முழங்காலிலிருந்து என் முதுகெலும்புக்குள் வரும்.

"ஒரு தரம்" என்பார், வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது போல. "ரெண்டு தரம்" என்பார், இவ்வளவுதானா உன் அன்பு என்று கேட்பது போல. மூன்றாவதுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் வாங்கவே கூடாது என்று முடிவெடுத்து வந்தவன் கையைத் தூக்கிவிடுவான். முட்டைக்கோஸ் வியாபாரி ஒருவர் அம்மாவிடமே வந்து முறையிட்டார்: "இடி வாயைத் தொறந்தா என் கை தானா மேல போகுதும்மா. இனி கையைக் கட்டிப்போட்டுட்டுத்தான் சந்தைக்கு வரணும்."

அதே குரலில் வீட்டில் அம்மாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். விபத்துச் செய்தியைக்கூட அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ரசித்துக் கேட்பாள்.

ஐம்பத்துமூன்று வயதில் தொண்டையில் அது வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். அப்பா ஒப்பவில்லை. "ஊமையா உக்காந்திருக்கறதுக்கு, கூவிட்டே போயிடறேன்" என்றார். அம்மா ஒரு மூலையில் போய் நின்றுகொண்டாள். தம்பி அழுதான். நான்தான் அவர் முன்னால் போய் நின்றேன். "உங்க குரல் எனக்கு வேண்டாம்பா. நீங்க வேணும்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார். அதற்குப் பின் மறுநாள் காலைவரை எத்தனையோ பேசியிருப்பார். என் காதில் நிற்பது அந்தச் "சரி"தான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து உட்கார்ந்ததும் ஒரு சிலேட்டுப் பலகை கொடுத்தார்கள். அதில் முதன்முதலாக எனக்கு எழுதிக் காட்டினார்: "இப்போ சந்தோஷமா?"

அந்த வருடமே நான் வேலை தேடிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். அவர் எப்படியோ பேசக் கற்றுக்கொண்டார் என்று அம்மா எழுதினாள். ஆனால் நான் ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அவர் என் முன்னால் வாயே திறக்கவில்லை. எனக்கு மட்டும் பலகை. அம்மா போனபோது வந்தேனே, அப்போதும் பலகைதான். தண்டனை என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வரவில்லை.

போகட்டும். அசட்டுத்தனமாக ஒன்று கேட்கிறேன். கழுத்தில் அப்படி ஒரு துளையை வைத்துக்கொண்டு அவர் எப்படிக் குளித்தார்?

அத்தை

---

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அந்த மரப்பெட்டியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு.

முதலில் குளியல். தோளுக்குக் கீழே குவளையால் ஊற்றிக்கொள்வார். தலைக்கு என்றால் குனிந்துகொள்வார், பாட்டி பின்னாலிருந்து ஊற்றுவாள். பாட்டிக்குப் பிறகு அப்பா. கழுத்துக்கு ஒரு ரப்பர் மறைப்பு வைத்திருந்தார். குளம், ஆறு பக்கம் மட்டும் போகவே மாட்டார்.

இனி அந்தக் குரல். நீங்கள் கேட்டதே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. காற்றை விழுங்கி, ஏப்பம் விடுவது போல மேலே கொண்டுவந்து, அதில் சொற்களைச் செய்வார். கரகரவென்று, துண்டு துண்டாக, தாழ்வாக வரும். ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா வழி சொல்லிக் கொடுத்தாராம். வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது என்று தாத்தா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகுவாராம். மாதக்கணக்கில். ஒருநாள் பாட்டி கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்? தொட்டித் தண்ணி பூரா தீர்ந்துபோச்சு!" என்று கத்தியிருக்கிறாள். உள்ளேயிருந்து, "போடி!" என்று வந்ததாம்.

பாட்டி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாளாம். பிறகு எழுந்து தெருவில் வீடு வீடாகப் போய், "அவர் என்னைப் போடின்னுட்டார்! போடின்னுட்டார்!" என்று சொன்னாளாம். சிலர் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டார்கள்.

என் பெயரில் ஓர் எழுத்து அவருக்கு வராது. அதனால்தான் நான் குருவி.

சந்தைக்குத் திரும்பியதை அப்பா சொல்லி அறிவேன். மண்டி முதலாளி கணக்கெழுதும் மேஜையில் உட்காரச் சொன்னார். தாத்தா கேட்காமல் பெட்டியில் ஏறி நின்றாராம். தான் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்ல அப்பாவைக் கூட்டிப்போயிருந்தார். அங்கே போனதும், "நீ தள்ளு" என்று கைகாட்டிவிட்டார். தக்காளிக்கு விலை சொன்னார். யார் காதிலும் விழவில்லை. சந்தை இரைச்சல்தான் உங்களுக்குத் தெரியுமே. கையை உயர்த்திக்கொண்டு சும்மா நின்றாராம். அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது, எப்படியாவது இறக்கி வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று இருந்ததாம். அப்போது ஒரு வெங்காய வியாபாரி, சந்தையிலேயே பெரிய வாய்க்காரர், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "வாயை மூடுங்கடா! இடி பேசறார்!"

அந்த இடம் அடங்கியது. பிறகு அங்கே சத்தம் எழவே இல்லை, அத்தை. அவர் வேலை செய்த அத்தனை வருடமும். பள்ளி விடுமுறையில் நான் போவேன். கொட்டகை முழுக்கக் காது கிழியும், தாத்தாவின் பெட்டியைச் சுற்றி மட்டும் எல்லோரும் தலையைக் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். கூடையை இறக்குகிறவர்கள் மெல்ல இறக்குவார்கள். கைவண்டிக்காரர்கள் அந்த இடம் வந்ததும் சக்கரம் உருளாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு கடப்பார்கள். ஏலம் என்றாலே ரகசியம் பேசுகிற இடம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இப்போது முக்கியமானது. பத்து வயதிருக்கும்போது தாத்தாவைக் கேட்டேன்: "அத்தை வந்தா மட்டும் ஏன் பேச மாட்டேங்கறீங்க?" "அவ காதுல… பழசு இருக்கு. இதைக் கேட்டா… அது அழிஞ்சிடும். வீட்ல ஒருத்தர்கிட்டயாவது… அது இருக்கட்டும்" என்றார்.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். தண்டனை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், உங்கள் பேச்சையும் மீறி அப்பாவிடம் கடிதத்தைக் காட்டிவிட்டேன். மன்னியுங்கள். சிலேட்டு விஷயம் வந்ததும் அவர் எழுந்துவிட்டார். "நான் அந்த ரூம்லதான் இருந்தேன்! அவர் சிரிச்சுக்கிட்டே எழுதினார். தோளெல்லாம் குலுங்குச்சு. மூக்குல குழாயோட சிரிக்கிறாரேன்னு நர்ஸ்கூட அதட்டினா. அக்கா பலகையைத்தான் பார்த்தா, முகத்தைப் பார்க்கல" என்றார்.

குருவி

---

மார்ச் 9

குருவி,

நீ எழுதியதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் பொறு.

வேறு சில கேட்கிறேன், பதில் சொல். அவருக்கு வாசனை தெரிந்ததா? சூடான காபியை ஊத முடியாதே, என்ன செய்தார்? படுத்தால் மூச்சுக்குப் பயமில்லையா? வெளியில் போகும்போது ஜனங்கள் வெறித்துப் பார்த்தால் என்ன செய்வார்? தனியாக இருக்கும்போது ஏதாவது ஆகி, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால்?

"செத்திருக்கலாம்" என்று ஒரு தடவையாவது சொன்னாரா? என் மனம் நோகும் என்று பொய் சொல்லாதே.

அத்தை

---

மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதங்களை அப்பா மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தாத்தாவைப் பத்தி அவ கேக்கல. அக்காவுக்குத் தொண்டையில வந்திருக்கு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது.

உண்மையா, அத்தை? மறைக்காமல் எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில். வாசனை போய்விட்டது. சாப்பாட்டில் உப்பு உறைப்பு தெரியும், மணம் தெரியாது. காபியை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுவார். தலைக்கு உயரமாக வைத்துப் படுப்பார். தும்மல் கழுத்து வழியாக வரும், பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்குத்தான் ஆபத்து. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு கையையும் தட்டுவார். ஜனங்கள் வெறிப்பார்கள். குழந்தைகள் பக்கத்திலேயே வந்து, "இது என்ன ஓட்டை?" என்று கேட்கும். "ஜன்னல்" என்பார்.

கடைசிக் கேள்விக்கு உள்ளதைச் சொல்கிறேன். ஆமாம், சொன்னார். பேச்சு வருவதற்கு முன்பு, அந்த முதல் வருடம், பலகையில் எழுதிப் பாட்டியிடம் காட்டினார்: "செத்திருக்கலாம்." பாட்டி வெறுங்கையால் அழித்தாள். மறுநாளும் எழுதினார். மறுநாளும் அழித்தாள். பிறகு ஒருநாள் வீட்டிலிருந்த சாக்பீஸ் அத்தனையையும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "சொல்லணும்னா வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றாளாம். அதற்கப்புறம்தான் அவர் குளியலறைக் குழாயைத் திறந்தார். பாட்டி என்னிடம் இதைச் சொன்னபோது, "வாயால சொல்ல வந்தப்போ, அவருக்கு வேற விஷயம் நிறைய இருந்துச்சு" என்றாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தையை விட்ட பிறகு தாத்தா வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்க. ஒரு தடவை நானும் கூடப் போனேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தாத்தா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் முனையில் உட்கார்ந்து, "உங்க குரலை… நான் ஏலம் விடறேன். பத்து வருஷம் தர்றாங்க. ஒரு தரம்" என்றார். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "பதினஞ்சு வருஷம் தர்றாங்க… ரெண்டு தரம்." வாத்தியாருக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்துவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார். தாத்தா என்னைக் கைகாட்டி, "இவளைக் குடுத்தாங்க" என்றார்.

நான் வெளியே ஓடிப்போய் நின்றுகொண்டேன், அத்தை.

குருவி

---

ஏப்ரல் 10

என் கண்ணே,

உண்மைதான். கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள், அப்பா போன சமயத்தில் அந்தச் சிகிச்சையில்தான் இருந்தேன். நோய் அதற்குக் கேட்கவில்லை. எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார் போலிருக்கிறது.

நான் தனிக்கட்டை. உன் மாமா போய் ஆறேழு வருடம் ஆகிறது. சாவதைப் பற்றி அவ்வளவு பயமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் தினமும் நாலு பேர் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், பழகிவிட்டது. ஏன் மறுத்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். பைத்தியம் என்று நினைத்தாலும் சரி.

தொழிலுக்கு வந்த புதிதில், கற்றுக்கொள்ள வந்த ஒருவன் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனான். "நிறுத்து!" என்று கூவினேன். அவன் நிறுத்தினான். அக்கம்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நின்றன. கூவியது யார் என்று நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். பெண் குரலாக, கொஞ்சம் மெலிந்து, ஆனால் அதே குரல். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை கூவும்போதும் அவரைக் கேட்பேன். ஊருக்கு வராத வருடங்களை அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

உன் கடிதம் வேறு, "வீட்ல ஒருத்தர்கிட்டயாவது அது இருக்கட்டும்" என்று அவர் சொன்னதாகச் சொல்கிறது. என்னிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் எப்படி அறுத்துப் போடச் சொல்வேன், குருவி? அவரிடம் வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்கிறேன். பாதிக் குரல்தான் மிச்சம். நீ அதைக் கேட்டதே இல்லையே. அது இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுவிடு. உன் அப்பனையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அத்தை

---

ஏப்ரல் 22

அன்புள்ள அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசியபோது இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா, "அக்கா, அவர் மாதிரி ஒரு தடவை கூவேன்" என்று கேட்டதும் நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தக்காளி ஏலம் போட்டீர்கள். கரகரப்புத்தான். நடுவில் உடைந்தது, ஓர் இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் "ரெண்டு தரம்" என்று நீங்கள் சொன்னபோது, நான் சமையலறைப் பக்கம் நின்றவள், என்னை அறியாமல் மேஜையருகே வந்து நின்றிருந்தேன். கிட்டே போகத் தோன்றும் என்று எழுதினீர்களே! அப்பா முழங்காலில் அறைந்துகொண்டு, "அதேதான்! அதேதான்!" என்று எழுந்து நின்றுவிட்டார். நீங்கள் வைத்த பின்பும் நின்றுகொண்டேயிருந்தார்.

அதுவரை எனக்குத் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. "தரம்" என்னும்போது "ர"வில் நீங்கள் ஒரு கணம் தங்கி, பிறகு இறங்குகிறீர்கள், படியில் கடைசிக்கு முந்தைய படியில் நின்று இறங்குவது போல. தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். அந்த ஏப்பக் குரலில், அந்தத் துண்டு துண்டான பேச்சில், அதே இடத்தில் தங்கி அதே மாதிரி இறங்குவார். அது மூச்சு வாங்குவதற்கு என்று நினைத்திருந்தேன். இல்லை, அத்தை. அது பழைய குரலின் நடை. குரல்வளையை வெட்டி எடுத்த டாக்டர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவரிடமே இருந்திருக்கிறது, நான் அதைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

பழைய குரலை நான் கேட்டதே இல்லை என்று உங்களுக்கு எழுதினேன். தப்பு. பெரிய தப்பு.

நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருப்பது தொண்டையில் இல்லை. இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

அப்பா ஏதோ எழுதச் சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன்: "டிக்கெட் போட்டாச்சு. இருபத்தெட்டாம் தேதி வர்றேன். என்னைத் திட்டறதுன்னா இப்பவே போன்ல திட்டித் தீர்த்துக்கோ. அப்புறம் உன்னால முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் கேட்கிறது.

குருவி

---

ஜூன் 30

அன்புக் குருவிக்கு,

எல்லாம் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி மாதிரியானவை இறங்குகின்றன. முழுசாக எடுத்தாகிவிட்டது, பரவவில்லை என்கிறார் டாக்டர். பேச இன்னும் வரவில்லை. பயிற்சிக்குப் போகிறேன். நேற்று "ப" என்று ஏதோ வந்தது. சொல்லிக்கொடுக்கும் பெண் கைதட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் அப்பன் செய்யும் அமர்க்களத்தை நீ பார்க்க வேண்டும். எனக்குக் குரல் இல்லை, அவனுக்கு இந்த ஊர் பாஷை இல்லை. காய் வாங்கப் போனால் இரண்டு பேரும் சேர்ந்து சைகை காட்டுகிறோம். கடைக்காரன் எங்களை ஏதோ நாடகக் கோஷ்டி என்று நினைக்கிறான். வீட்டிலிருக்கிற சுவிட்சுகளையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டான். இப்போது சமையலறை விளக்கைப் போட்டால் குளியலறையில் எரிகிறது. திட்ட முடியாமல் தவிக்கிறேன். அதுதான் உண்மையான கஷ்டம்.

ஆகஸ்டில் அவனோடு ஊருக்கு வருகிறேன். டாக்டர் சம்மதித்துவிட்டார்.

இதெல்லாம் நலம் விசாரிப்பு. வேறொன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தம்பியோடு முதன்முதலாகத் தெருவுக்குப் போன நாள். வாசல் தாண்டியதும் குளிர்காற்று அடித்தது. நீங்களெல்லாம் மூச்சு விடும்போது காற்று மூக்கில் சுற்றிச் சூடாகி உள்ளே போகிறது, உங்களுக்கு அது தெரிவதே இல்லை. எனக்கு அன்று காற்று நேராக மார்புக்குள் இறங்கியது. கத்தி போல. இருமினேன், இருமலும் கழுத்து வழியாகவே வந்தது, துணி நனைந்தது. எதிரில் வந்த ஒருத்தி பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இனி ஒவ்வொரு மூச்சும் இப்படித்தான், சாகும்வரை, என்று அந்த நடைபாதையில்தான் எனக்கு உறைத்தது.

முனைக்கு வந்து, சாலையைக் கடக்க நின்றோம். அங்கே நிற்கும்போது அப்பாவை நினைத்தேன். அவர் இதே மாதிரி ஒருநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருக்கிறார். பேசச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா இருந்தார், ஆனால் அப்பாவுக்கு முன்னால் அந்தத் தெருவில் அப்படி நடந்தவர் யாரும் கிடையாது. காற்று இதே போலத்தான் இறங்கியிருக்கும். இதே போலத்தான் பார்த்திருப்பார்கள். அவர் போனது என்னைப் போல முனைக்கடைக்கு இல்லை. தன் குரலுக்காகவே ஊர் கூடும் இடத்துக்குப் போனார், குரல் இல்லாமல். பெட்டியில் ஏறினார்.

இருபத்தைந்து வருடம் நான் அறிந்தவர் குரலோடு இருந்தவர். நீ அறிந்தவர் சிரித்துக்கொண்டு "ஜன்னல்" என்று சொல்லத் தெரிந்தவர். நடுவில் இருந்த அந்த மனிதரை, அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டவரை, நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன், நீ பிறக்கவில்லை. அவரை நாம் இரண்டு பேருமே பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய மனிதர், குருவி! நான் எவ்வளவு பெரியதை அவரிடம் கேட்டேன் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாளும் அதை எனக்குத் தெரியவிடாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்.

தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, முடியலையா? திரும்பிடலாமா?" என்று கேட்டான்.

நான் இல்லையென்று தலையை ஆட்டி, எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். விளக்கு மாறியது. அவன் வண்டிகள் வரும் பக்கமாக நகர்ந்துகொண்டான். நடந்தோம்.

அத்தை